பெரிய ஒன்சென் விடுதியில் தங்கலாமா? ஜப்பானில் முதல்முறை முன்பதிவு செய்கிறவர்களுக்கு

ஜப்பானின் ஒன்சென் எனப்படும் வெந்நீர் ஊற்று ஊர்களில் ஒரு ராத்திரி தங்கலாம் என்று புக்கிங் தளத்தைத் திறந்தால் இரண்டு விதமான படங்கள் வரும். ஒன்று, பத்துப் பன்னிரண்டு அறை மட்டுமே உள்ள மர வீடு. காட்டுக்குள் கல் தொட்டி, அறைக்கே வரும் சாப்பாடு, அமைதி. இன்னொன்று, பத்து மாடிக் கான்கிரீட் கட்டடம். இருநூறு அறை, பஃபே, கரோக்கே, பிள்ளைகளுக்கு விளையாட்டு அறை, ரயில் நிலையத்திலிருந்து பஸ். இரண்டாவதன் விலை பல நேரம் முதலாவதில் பாதிதான்.

தெரிந்தவர்களைக் கேட்டால் "சின்னதுக்குப் போ, அதுதான் அசல்" என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். குடும்பத்தோடு போகிற நம் ஆட்கள் பலருக்கும், முதல்முறை போகிறவர்களுக்கும் பெரிய விடுதிதான் வசதி. ஆனால் எல்லா ஊரிலும் அப்படியில்லை. யாரோடு போகிறோம், என்ன சாப்பிடுவோம், எந்த ஊர் என்ற மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் படங்களுக்கு வர வேண்டும்.

இவை ஏன் இவ்வளவு பெரியவை

இந்தக் கதை தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபம். 1964-ல் ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியபோது கடலோர ஒன்சென் ஊரான அதாமியும் அதன் நிறுத்தங்களில் ஒன்று. டோக்கியோவிலிருந்து இன்று முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். பொருளாதாரம் பொங்கிய அந்தக் காலத்தில் நிறுவனங்கள் ஊழியர்களை மொத்தமாக அழைத்துக்கொண்டு இந்த மாதிரி ஊர்களுக்குப் போகும். இருநூறு பேர் ஒரே மாலையில் வந்து இறங்கி, குளித்து, யுகாதா என்ற பருத்தி அங்கியைக் கட்டிக்கொண்டு, ஒரே கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக் குடித்துப் பாடுவார்கள். விடுதிகளும் அதற்கேற்ப வளர்ந்தன. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்காகக் கட்டியது, பந்திக்கு நேரம் உண்டு, கும்பலாகப் போனால் களை கட்டும், தனியாகப் போய் நின்றால் கை எங்கே வைப்பது என்று தெரியாது.

1990களில் பொருளாதாரம் படுத்தது, நிறுவனச் சுற்றுலாவும் சுருங்கியது. தோச்சிகி மாநிலத்தில் உள்ள கினுகாவா இதற்கு நல்ல உதாரணம். ஆற்றுப் பள்ளத்தாக்கின் இரு கரையிலும் மாடி மாடியாக விடுதிகள். அவற்றுக்குக் கடன் கொடுத்து வந்த ஆஷிகாகா வங்கி 2003 நவம்பரில் நொடித்து அரசின் கைக்குப் போனது. கடனில் ஓடிக்கொண்டிருந்த விடுதிகள் பலவற்றுக்கு அது பெரிய அடி. கைவிடப்பட்ட கட்டடங்கள் பல இன்றும் ஆற்றோரம் நிற்கின்றன, பாலத்திலிருந்தே தெரியும். அதே ஊரில் நன்றாக நடக்கிற பெரிய விடுதிகளும் இருக்கின்றன. 1888-ல் தொடங்கிய அசயாவில் மொட்டை மாடியில் திறந்தவெளிக் குளியல் உண்டு.

நொடித்த விடுதிகளை வாங்கிப் புதுப்பித்து, அறைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலையை எடுத்துவிட்டு, பஃபே வைத்து விலையைக் குறைத்த சங்கிலி நிறுவனங்கள் அதன்பின் வளர்ந்தன. இதோஎன், ஓஎதோ ஒன்சென் மோனோகதாரி போன்ற பெயர்களை நாடு முழுக்கப் பார்க்கலாம். ஆகவே இன்று "பெரிய விடுதி" என்று தேடினால் மூன்று வகை கலந்து வரும். பணிப்பெண் அறை வரை வந்து தேநீர் ஊற்றித் தரும் பழைய கௌரவ விடுதி ஒன்று. இந்தச் சிக்கன பஃபே விடுதி இன்னொன்று. நீச்சல் குளம், விளையாட்டு எல்லாம் உள்ளேயே இருக்கும் உல்லாச விடுதி மூன்றாவது, பெப்பு ஊரில் குன்றின் மேல் இருக்கும் சுகினோய் அதற்கு உதாரணம். எந்த வகை என்று தெரியாமல் விலையை மட்டும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

யாரோடு போகிறீர்கள்

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள், கூடவே இரண்டு பிள்ளைகள் என்றால் அதிகம் யோசிக்க வேண்டாம், பெரியதே சரி. லிஃப்ட் இருக்கும். சாப்பாட்டுக் கூடத்தில் மேசை நாற்காலி இருக்கும். பிள்ளைகள் சத்தம் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சின்ன மர வீட்டில் மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் அமைதிக்காகவே பணம் கொடுத்தவர்கள் படுத்திருப்பார்கள், அங்கே நாலு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நமக்குத்தான் நிம்மதி இருக்காது. பள்ளி வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையே ஏற்காத சின்ன விடுதிகளும் உண்டு.

பெரியவர்களுக்கு முழங்கால் வலி இருந்தால் தரையில் ஃபுட்டோன் மெத்தை விரிக்கும் தத்தாமி (பாய் பதித்த தரை) அறையை எடுக்காதீர்கள். தரையில் உட்கார்ந்து பழகியவர்கள்தானே என்று நினைப்போம். உட்காருவது ஒன்று, விடியற்காலையில் தரையிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போவது வேறு. தத்தாமியோடு கட்டிலும் உள்ள அறைக்கு வாயோஷிட்சு என்று பெயர், முன்பதிவில் அதைத் தேடுங்கள். லிஃப்டுக்குப் பக்கத்து அறை வேண்டும் என்பதையும் குறிப்புப் பெட்டியில் எழுதிவிடுங்கள். பெரிய விடுதியில் அறையிலிருந்து குளியல் கூடத்துக்கு நிஜமாகவே நிறைய நடக்க வேண்டியிருக்கும்.

நண்பர்கள் ஆறேழு பேர் என்றாலும் பெரியதே. புதிதாகக் கல்யாணமான இருவர் என்றால் நான் சின்னதைத்தான் சொல்வேன், பட்ஜெட் இடித்தால் பெரிய விடுதியில் தனித் தொட்டி உள்ள அறை. ஒற்றை ஆளாகப் போகிறவருக்குச் சனிக்கிழமையில் பல விடுதிகள் அறையே தராது. வார நாளில் கிடைக்கும், ஆனால் தலைக்கு விலை கூடும்.

குளியல்: கூச்சத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள்

பொதுக் குளியலில் உடை கிடையாது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, உள்ளே எல்லாரும் வெற்றுடம்பு. நீச்சல் உடை, ஜட்டி, துண்டு எதையும் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்க முடியாது. கையில் ஒரு சின்னத் துண்டு இருக்கும், அதுவும் தண்ணீரில் படக் கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள்.

போகிற குடும்பத்தில் யாருக்கு இது முடியும், யாருக்கு முடியாது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். நால்வரில் இருவர் குளிக்கவே மாட்டோம் என்று அறையில் உட்கார்ந்துவிட்டால் கொடுத்த காசில் பாதி வீண். அதே சமயம், சின்ன விடுதியில் கூச்சம் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரிய கூடத்தில் ஆவியும் கூட்டமும் இருக்கும், அதில் ஒருவராகக் கரைந்துவிடலாம். மூன்று பேர் உட்காரும் தொட்டியில் ஒரே ஒரு அந்நியரோடு எதிரும் புதிருமாக உட்காருவதுதான் சங்கடம்.

முடியவே முடியாது என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. காஷிகிரி என்ற தனிக் குளியலறையைப் பெரிய விடுதிகளில் முக்கால் மணி அல்லது ஐம்பது நிமிடத்துக்கு வாடகைக்கு விடுவார்கள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு குடும்பமாகக் குளிக்கலாம். சின்ன விடுதிகளில் இது பெரும்பாலும் இலவசம், பெரியதில் தனிக் கட்டணம், சீக்கிரம் தீர்ந்தும் போகும். முன்பதிவு செய்யும்போதே இதையும் சேர்த்துப் பிடியுங்கள். இல்லையென்றால் நீச்சல் உடையோடு இறங்கும் பகுதி உள்ள இடமாகப் பாருங்கள். சுகினோயில் அப்படி ஒரு தோட்டக் குளியல் உண்டு. ஹக்கோனேயில் யுனெஸ்ஸன் என்ற இடமே அதற்குப் பேர் போனது.

பிள்ளைகளை எந்தப் பக்கம் அழைத்துப்போவது என்பதற்கும் விதி இருக்கிறது. ஏறக்குறைய ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை எதிர்ப்பால் பெரியவரோடு போகக் கூடாது என்று 2020-ல் அரசு வழிகாட்டுதலை மாற்றியது, அதற்கு முன் பத்து வயதாக இருந்தது. அம்மாவோடு போகிற எட்டு வயதுப் பையன் இனி அப்பாவோடுதான் போக வேண்டும். டயப்பர் மாட்டும் வயதுக் குழந்தையைப் பல இடங்களில் பொதுத் தொட்டிக்குள் விட மாட்டார்கள்.

உடம்பில் பச்சை குத்தியிருந்தால் பெரிய விடுதிகள் பலவும் பொதுக் குளியலுக்கு அனுமதிக்காது. குத்திய பச்சை சிறியதென்றால் ஒட்டி மறைக்கும் ஸ்டிக்கரோடு விடும் இடங்கள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். கை நிறைய மருதாணி இருந்தாலும் அதைப் பச்சை என்று நினைத்து விசாரிக்கக்கூடும். அது மங்கிய பிறகு தேதி வைப்பது நல்லது.

நகை விஷயம் நம்மவர்களுக்கு முக்கியம். கந்தக ஊற்றுத் தண்ணீரில் வெள்ளி கறுத்துவிடும். கொலுசைக் கழற்றி வைக்கலாம், மெட்டியைக் கழற்ற மனம் வராதவர்கள் கந்தகம் இல்லாத ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். கினுகாவாவில் காரத்தன்மை கொண்ட மென்மையான தண்ணீர், அதாமியில் உப்புத் தண்ணீர். நொபொரிபெட்சுவும் குசாட்சுவும் கந்தக வாசம் மூக்கில் ஏறும் ஊர்கள். குசாட்சுத் தண்ணீர் கடும் அமிலம் வேறு, கண்ணில் பட்டால் எரியும், காயம் இருந்தால் சுரீரென்று பிடிக்கும்.

சாப்பாடு: பாதி முடிவு இங்கேதான்

ஒன்சென் விடுதி என்பது படுக்கையை மட்டும் விற்பதில்லை. ஒரு ராத்திரி, இரண்டு வேளைச் சாப்பாடு என்பதுதான் வழக்கமான கணக்கு. சின்ன விடுதியில் அது கைசெகி என்ற வரிசை விருந்து, தட்டுத் தட்டாக வரும். சமையல்காரர் நாலு நாள் முன்பே திட்டமிட்டு வாங்கிய மீனும் மாட்டிறைச்சியும்தான் அதன் உயிர். அங்கே போய் உட்கார்ந்த பிறகு "நான் சைவம்" என்றால் அவர்களிடம் மாற்று இருக்காது. சோறும் ஊறுகாயும் தந்து நம்மைவிட அவர்கள் அதிகம் வருத்தப்படுவார்கள்.

சைவக்காரர்களுக்கு ஜப்பானில் பெரிய சிக்கல் கண்ணுக்குத் தெரியும் இறைச்சி இல்லை, தாஷி. உலர்ந்த கத்ஸுவோ மீனையும் கடற்பாசியையும் ஊறவைத்து எடுக்கும் சாறு அது. மிசோ சூப், வேகவைத்த காய்கறி, முட்டை ரோல், சோபா நூடுல்ஸின் குழம்பு, தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். "காய்கறி மட்டும்தான்" என்று சொல்லித் தருவதில்கூட இருக்கும், சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, மீன் சாற்றை அவர் மீனாகவே கணக்கில் எடுப்பதில்லை.

பஃபே உள்ள பெரிய விடுதி இதில் நிம்மதி தரும். நீங்களே பார்த்து எடுக்கலாம். வெள்ளைச் சோறு, சமைக்காத தோஃபு மேல் வெறும் சோயா சாஸ், சாலட், ரொட்டி, பழம், தயிர், ஐஸ்கிரீம் என்று ஒருவேளை ஓட்டிவிடலாம். முட்டை சாப்பிடுகிறவருக்கு இன்னும் சுலபம். தெம்புரா காய்கறியே ஆனாலும் மாவில் முட்டை இருக்கும், இறால் பொரித்த அதே எண்ணெயாகவும் இருக்கலாம். ஜப்பானியக் கறி பெரும்பாலான பஃபேக்களில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய இருக்கும், பார்த்ததும் ஆசை வரும். ஆனால் அந்தக் கறிக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருப்பது சகஜம். ஹலால் பார்க்கிறவர்கள் இதோடு மிரின், சாகே என்று சமையலில் ஊற்றும் மதுவையும் நினைவில் வைக்க வேண்டும்.

இறைச்சி, மீன் சாப்பிடுகிறவருக்கு என் ஆலோசனை நேர்மாறு. சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுகிறவராக இருந்து, எதற்கும் மறுப்பு இல்லை என்றால், சிக்கன பஃபேயில் பணத்தைப் போடாதீர்கள். அங்கே நண்டுக்கால் குவியலைப் பார்த்து முதல் பத்து நிமிடம் சந்தோஷமாக இருக்கும், அவ்வளவுதான். அதே பணத்தில் கொஞ்சம் சேர்த்து கைசெகி உள்ள இடத்துக்குப் போகலாம்.

கேட்டுப் பார்க்கவே விரும்பினால் முன்பதிவின்போதே, குறைந்தது ஒரு வாரம் முன்பு எழுதுங்கள். "சைவம்" என்ற ஒற்றைச் சொல் போதாது. "நிக்கு, சகனா, கத்ஸுவோ-தாஷி, தாபெராரெமாசென்" என்றால் இறைச்சி, மீன், கத்ஸுவோ சாறு மூன்றும் சாப்பிட முடியாது என்று பொருள். முடியாது என்று பதில் வந்தால் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நேர்மையான பதில் அது. அப்போது சாப்பாடு இல்லாத கட்டணத்தைத் தேடுங்கள், சுதொமாரி என்று போட்டிருக்கும். அறையில் பெரும்பாலும் மின்கெட்டில் இருக்கும், உடனடி உப்புமாவும் ஊறுகாய்ப் பாட்டிலும் கையில் இருந்தால் போதும். ஆனால் அவற்றைச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் எடுத்துப்போய்த் திறக்காதீர்கள், வெளிச் சாப்பாடு அங்கே கூடாது.

அப்புறம் நேரம். ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிடுகிற பழக்கம் இங்கே செல்லாது. ஐந்தரை, ஏழரை என்று இரண்டு பந்தி வைக்கும் இடங்கள் அதிகம், உட்கார்ந்தால் தொண்ணூறு நிமிடம். வேலை முடிந்து வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரைக்குப் போய்ச் சேருகிற திட்டமென்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

பணக் கணக்கு

ஜப்பானியத் தளங்களில் விலை அறைக்கு இல்லை, ஆளுக்கு. 12,000 யென் என்று போட்டிருந்தால் இரண்டு பேருக்கு 24,000. அதே அறையில் நாலு பேர் படுத்தால் தலைக்கு விலை இறங்கும். வெளிநாட்டுத் தளங்கள் மொத்த அறை விலையைக் காட்டும், சாப்பாடு சேர்ந்ததா இல்லையா என்பதும் கட்டணத்துக்குக் கட்டணம் மாறும். எத்தனை பேர், எத்தனை வேளைச் சாப்பாடு என்ற இரண்டையும் ஒன்றாக வைத்துவிட்டு ஒப்பிடுங்கள். இதற்கு மேல் குளியல் வரி என்று ஆளுக்கு ஒரு நாளைக்குப் பொதுவாக 150 யென், சில ஊர்களில் தங்கும் வரியும் உண்டு. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை.

பிள்ளைகளுக்கான கட்டணம் வயதையும், அவர்களுக்குச் சாப்பாடும் மெத்தையும் வேண்டுமா என்பதையும் பொறுத்தது. பெற்றோர் மெத்தையிலேயே படுக்கும் குழந்தைக்குப் பல இடங்களில் பெயருக்குத்தான் கட்டணம்.

சனிக்கிழமை ராத்திரி, விடுமுறைக்கு முந்தைய ராத்திரி, ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன், புத்தாண்டு ஆகிய நாட்களில் விலை ஏறும், கூட்டமும் ஏறும். அந்த நாட்களில் பெரிய விடுதியின் நல்ல குணங்கள் எல்லாம் காணாமல் போகும். குளியலில் கழுவுமிடத்துக்கு வரிசை, பஃபேயில் வரிசை, காலையில் லிஃப்டுக்கு வரிசை. ஞாயிறு முதல் வியாழன் வரை ஒரு ராத்திரி லீவு போட முடிந்தால் அதே விடுதி வேறு இடமாகத் தெரியும்.

இன்னொரு கணக்கும் போடுங்கள். அறை பெரும்பாலும் மாலை மூன்று மணிக்குத் திறக்கும், காலை பத்துக்குக் காலி செய்ய வேண்டும், மொத்தம் பத்தொன்பது மணி நேரம். இதில் முழுதையும் உள்ளேயே கழிப்பவருக்குத்தான் இந்த விலை லாபம். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு ராத்திரி தலை சாய்க்க மட்டும் வருகிறவர், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிசினஸ் ஓட்டலில் தங்கிவிட்டு, ஒன்சென் விடுதிக்குப் பகல் குளியலுக்கு மட்டும் போகலாம். ஹிகாஎரி என்று கேளுங்கள், ஆயிரம், இரண்டாயிரம் யென்னுக்குள் பல பெரிய விடுதிகளில் குளித்துவிட்டு வரலாம். பொதுக் குளியல் ஒத்துவருமா என்று தெரியாதவர்களுக்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது.

விடுதியின் பக்கத்தை எப்படிப் படிப்பது

முதலில் கட்டடம். பெரிய விடுதிகள் பெரும்பாலும் ஒரே காலத்தில் எழுந்தவை அல்ல. பழைய கட்டடம், அதோடு ஒட்டிய புதுக் கட்டடம், அப்புறம் இன்னொன்று என்று வளர்ந்தவை. ஹொன்கான் (முதன்மைக் கட்டடம்), ஷின்கான் (புதுக் கட்டடம்), பெக்கான் (தனிக் கட்டடம்) என்று பெயர் வைத்திருப்பார்கள். படத்தில் பளபளக்கும் அறை ஒரு கட்டடத்திலும், நீங்கள் காசு கட்டிய மலிவுக் கட்டண அறை இன்னொன்றிலும் இருக்கும். "கட்டடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது", "காட்சி உறுதியில்லை" என்ற சிறு வரிகளைப் பாருங்கள். மலிவான கட்டணத்தின் ரகசியம் பெரும்பாலும் அந்த வரிதான்.

அதே பழைய கட்டடம் பற்றி இன்னொன்று. 1980 நவம்பர் 20 அன்று கினுகாவாவுக்கு வடக்கே கவாஜி ஒன்சென்னில் ஒரு விடுதி எரிந்து 45 பேர் இறந்தார்கள். நாட்டின் விடுதிகளில் தீப் பாதுகாப்புச் சோதனை கடுமையானது அதன் பிறகுதான். ஒட்டு வைத்துக் கட்டிய இடங்களில் தாழ்வாரங்கள் வளைந்து வளைந்து போகும், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி இன்னொன்றின் நாலாம் மாடியோடு சேரும். அறைக்குள் போனதும் கதவுக்குப் பின்னால் உள்ள வரைபடத்தைப் பார்த்து, அவசர வழி வரை ஒருமுறை நடந்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. நிலநடுக்கம் பற்றிக் கவலை இருந்தால் அதற்கும் வழி உண்டு. 2013-ல் திருத்திய சட்டப்படி, 1981-க்கு முந்தைய விதிகளின்படி கட்டிய பெரிய விடுதிகள் நிலநடுக்கம் தாங்குமா என்று சோதிக்க வேண்டும், முடிவை உள்ளூர் அரசுகள் வெளியிடுகின்றன.

அடுத்தது தண்ணீர். சட்டப்படி ஊற்றில் 25 டிகிரி இருந்தாலே ஒன்சென்தான், அல்லது குறிப்பிட்ட 19 பொருட்களில் ஒன்று போதிய அளவில் இருந்தாலும் ஒன்சென்தான். ஆகவே சுட வைத்ததும் ஒன்சென், ஆற வைத்ததும் ஒன்சென். ஊற்றுநீர் தொடர்ந்து பாய்ந்து வழிந்து போகும் தொட்டிக்குக் கென்சென் ககேநகாஷி என்று பெயர். அதே நீரை வடிகட்டிக் குளோரின் போட்டுச் சுற்றவிடுவது ஜுன்கான். 2004-ல் சில ஊர்களில் குளியல் பொடி கலந்ததும், குழாய்த் தண்ணீரையே ஒன்சென் என்று விற்றதும் அம்பலமாகிப் பெரிய ரகளை ஆனது. 2005 முதல் தண்ணீர் சேர்த்தார்களா, சூடாக்கினார்களா, சுழற்றினார்களா, மருந்து போட்டார்களா என்பதை எழுதி ஒட்ட வேண்டும். உடை மாற்றும் அறைச் சுவரில் அந்தத் தாள் இருக்கும்.

பெரிய கூடத்தின் பெரிய தொட்டிகள் பெரும்பாலும் சுழற்சிதான். அதைக் கேவலமாகப் பார்ப்பவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கும் தொட்டியில் லெஜியோனெல்லாக் கிருமி வராமல் பார்ப்பது முக்கியம். தண்ணீரின் குணத்துக்காகவே போகிறவராக இருந்தால் மட்டும் இதைப் பெரிதாக எடுங்கள். அப்படிப்பட்டவருக்கும் பெரிய விடுதியில் இடம் உண்டு. நொபொரிபெட்சுவில் 1858-ல் தொடங்கிய தாய்இச்சி தகிமோதோகான் மிகப் பெரியது, பின்னாலேயே ஆவி கக்கும் ஜிகோகுதானிப் பள்ளத்தாக்கு. ஒரே கூரையின் கீழ்ப் பல வகை ஊற்றுநீரில் மாறி மாறிக் குளிக்கலாம்.

எந்த ஊரில் பெரியது வேண்டாம்

ஊரே பார்க்க வேண்டிய இடமாக இருந்தால் பெரிய விடுதி வீண். கினோசாகியில் ஆற்றோரம் ஏழு பொதுக் குளியலகங்கள், தங்குகிறவர்களுக்கு இலவச பாஸ் தருகிறார்கள். யுகாதாவும் மரச் செருப்புமாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பதுதான் அங்கே வேலை. பச்சை குத்தியவர்களுக்கும் அந்தக் குளியலகங்களில் தடையில்லை. குரோகாவாவில் 1986 முதல் மரப் பட்டயம் ஒன்று விற்கிறார்கள், அதை வாங்கினால் மூன்று விடுதிகளின் திறந்தவெளித் தொட்டிகளில் இறங்கலாம். குசாட்சுவில் ஊர் நடுவே ஊற்றுநீர் பாயும் யுபதாகே, அதைச் சுற்றித்தான் மாலை நேரம். இங்கெல்லாம் சின்ன, எளிய விடுதி போதும், இரவுச் சாப்பாடு இல்லாமலும் எடுக்கலாம். மலைக்குள் ஒதுங்கிய சின்ன விடுதிகளைத் தேடுகிறவர்கள் 1975-ல் அமைந்த ஜப்பான் மறைஊற்றுப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலைப் பார்க்கலாம். ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பஸ் ஒரு நாளைக்குச் சில முறைதான்.

கினுகாவா மாதிரி ஊர்களில் கதை வேறு. ராத்திரி வெளியே போனால் பார்க்கவோ சாப்பிடவோ அதிகம் இல்லை, எல்லாம் விடுதிக்குள்தான். அசாகுசாவிலிருந்து தொபு எக்ஸ்பிரஸில் இரண்டு மணி நேரம், கார் தேவையில்லை. மழையோ பனியோ பெய்தாலும் திட்டம் கெடாது. முதல்முறைக்கு நான் சொல்லும் ஊர் இதுதான், ஆற்றுப்பக்க அறையாகக் கேளுங்கள்.

முன்பதிவுக்குப் பிறகு

நிலையத்திலிருந்து விடுதிப் பஸ் இருந்தால் அதற்கும் தனியாகப் பெயர் கொடுக்க வேண்டியிருக்கலாம், திரும்பும் பஸ்ஸுக்கும் சேர்த்தே கேளுங்கள். சுற்றுலா விசாவில் வந்தவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், பதிவின்போது நகல் எடுப்பார்கள். ரத்துக் கட்டணம் சில நாட்கள் முன்பே தொடங்கி, முந்தைய நாள் வேகமாக ஏறும். வராமலே விட்டால் முழுத் தொகையும் போகும்.

போனதும் வரிசை இப்படி இருக்கட்டும்: மூன்று மணிக்கே போய்விடுங்கள், மாலைக் கூட்டத்துக்கு முன் ஒரு குளியல். யுகாதாவை இடப்பக்கம் மேலே வருமாறு மடியுங்கள், வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு. தொட்டிக்கு முன் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். தலையில் எண்ணெய் இருந்தால் ஷாம்பு போட்டு எடுத்துவிட்டு, நீளக் கூந்தலைக் கொண்டை போட்டுக்கொண்டு இறங்குங்கள். தண்ணீர் 40, 42 டிகிரி இருக்கும், முதல்முறை ஐந்து நிமிடம் போதும். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். கர்ப்பிணிகள் கூடாது என்ற பழைய எச்சரிக்கையை 2014-ல் அரசு எடுத்துவிட்டது, ஆனாலும் வழுக்கும் தரையில் ஒருவர் கைபிடித்துப் போவது நல்லது. குடித்துவிட்டு இறங்கவே கூடாது.

காலையில் இன்னொரு குளியல் போடுங்கள், பலர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கவனம்: ராத்திரி ஆண்களுக்கு இருந்த கூடம் காலையில் பெண்களுக்கு மாறியிருக்கும். பல விடுதிகளில் இது வழக்கம், வாசலில் தொங்கும் திரையைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். அதன்பின் ஏழு மணிக்கே காலை உணவுக்குப் போய்விட்டால் எட்டு மணிக் கூட்டத்தில் சிக்காமல் தப்பலாம். பத்து மணிக்கு வரவேற்பு மேசையில் நெரிசல் இருக்கும். குளியல் வரி, தனிக் குளியலறை வாடகை எல்லாவற்றையும் ஒன்பதரைக்கே கட்டிவிட்டு பஸ்ஸுக்கு நின்றுகொள்ளுங்கள்.